அவருக்கு நான்தான் ஒட்டவைத்தேனா?

ஆம்பூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி, தோல் மருத்துவரான எனக்கு நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு 33 வயது. ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை. கணவருக்கு 40; டேனரியில் கம்பூட்ஸ் போட்டுக்கொண்டு ஈரத்தோலோடு நாள் முழுக்க நிற்கிற வேலை. ஒரே மகள், 9 வயது. இரண்டு வருடமாக இவருக்கு அடிக்கடி வெள்ளைப்படுகிறது. திரிந்த பால் மாதிரி கட்டிகட்டியாகப் போகிறது, அரிப்பு தாங்க முடியவில்லை, சிறுநீர் பட்டால் எரிகிறது. போன வருடம் மட்டும் ஆறு தடவை. மாதவிடாய்க்கு நாலைந்து நாள் முன்பு ஆரம்பித்து, மாதவிடாய் வந்ததும் தணிகிறது. மெடிக்கலில் கேட்டால் ஒரே ஒரு மாத்திரை தருகிறார்கள். இரண்டு நாளில் சரியாகி, ஒன்றிரண்டு மாதத்தில் திரும்ப வருகிறது. எரிச்சலைச் சிறுநீர்க் கடுப்பு என்று நினைத்து இரண்டு முறை ஆன்டிபயாடிக்கும் சாப்பிட்டிருக்கிறார். மூன்று வருடமாக ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் மாலா-என் கருத்தடை மாத்திரை எடுக்கிறார். அடுத்த வருடம் இரண்டாவது குழந்தைக்கு ஆசை.

கணவருக்கு மூன்று வருடமாகச் சர்க்கரை. எட்டு மாதமாகத் தொடை இடுக்கில் வட்டவட்டமாகப் படர்தாமரை. சில மாதங்களாக ஆணுறுப்பின் முனைத்தோலிலும் சிவப்பு, அரிப்பு, வெடிப்பு. மெடிக்கலில் வாங்கிய ஒரு ட்யூபைத் தடவிக்கொண்டிருக்கிறார். மாமியார், “எல்லாம் உன் உடம்புச் சூடு, என் மகனுக்கும் ஒட்டவைத்துவிட்டாய்” என்கிறாராம். பொங்கலிலிருந்து கணவர் கூடத்தில் பாய் போட்டுப் படுக்கிறார். ஒரு வீடியோவில், பெண்களுக்கு ஹார்மோன் கெட்டுப்போனால் எதிர்ப்புச் சக்தி போய்விடும், பூஞ்சை வரும் என்று சொல்லி, மாதம் 1,800 ரூபாய்க்கு ஒரு பொடி விற்கிறார்கள். வாங்கலாமா? கருத்தடை மாத்திரையை நிறுத்தலாமா? அம்மாவுக்கு 58 வயது, அவருக்கு இப்படி வந்ததே இல்லையே, என் உடம்பு மட்டும் ஏன் இப்படி? மகள் பெரியவளானால் அவளுக்கும் வருமா? கடைசியாக, பேனாவை அழுத்தி எழுதிய ஒரு வரி: “அவருக்கு நான்தான் ஒட்டவைத்தேனா, டாக்டர்?”

சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. உங்கள் கணவரின் தொடையில் இருப்பதும் உங்களுக்கு வருவதும் பெரும்பாலும் ஒரே பூஞ்சையே அல்ல. தொடை இடுக்குப் படர்தாமரைக்குக் காரணம் ட்ரைக்கோஃபைட்டான் வகை. தோல், முடி, நகத்தில் உள்ள கெரட்டினைத் தின்று வாழ்வது. நீங்கள் சொல்லும் அறிகுறிகள் கேண்டிடா என்ற ஈஸ்ட் வகைக்குப் பொருந்துகின்றன. நெல்லும் கேழ்வரகும் இரண்டும் பயிர்தான், ஆனால் ஒன்றை விதைத்தால் மற்றது முளைக்காது. அவருடைய முனைத்தோலில் இருப்பது மட்டும் கேண்டிடாவாக இருக்கலாம். அதற்கும் நீங்கள் காரணமாக இருக்கத் தேவையில்லை. அவருடைய மாத்திரை அட்டையில் காரணம் இருக்கக்கூடும். அதைக் கீழே சொல்கிறேன்.

கேண்டிடாவைப் பால்வினை நோய் என்று மருத்துவம் கணக்கில் வைப்பதில்லை. பத்துப் பெண்களில் ஒன்றிரண்டு பேருக்கு எந்தத் தொந்தரவும் தராமல் அது பிறப்புறுப்பில் குடியிருக்கிறது. குடலிலும் வாயிலும்கூட இருக்கிறது. ஆகவே இது யார் ஒழுக்கத்துக்கும் சாட்சி இல்லை. இதை உங்கள் மாமியாரிடம் நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. கணவரை அழைத்து வாருங்கள், அவர் காதில் நான் சொல்கிறேன்.

ஹார்மோன் என்ன செய்கிறது?

வீடியோவில் சொன்னது முழுப் பொய்யாக இருந்தால் விளக்குவது எளிது. பாதி உண்மை கலந்திருப்பதால்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது. பூஞ்சைக்கும் பாலின ஹார்மோன்களுக்கும் தொடர்பு உண்டு. ஆனால் ‘கெட்டுப்போன’ ஹார்மோனால் வருவதில்லை இது. ஒழுங்காக வேலை செய்யும் ஹார்மோனே இதற்கு இடம் கொடுக்கிறது.

ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சுரக்கும் வயதில் பிறப்புறுப்பின் உள்சுவர் தடிக்கிறது, அதன் செல்களில் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து சேர்கிறது. நல்ல பாக்டீரியாக்களான லாக்டோபேசில்லஸ்களுக்கு அதுதான் தீனி. அவை லாக்டிக் அமிலம் சுரந்து மற்றக் கிருமிகளை அண்ட விடாமல் காக்கின்றன. பல கிருமிகளுக்கு அந்தப் புளிப்பு ஆகாது. கேண்டிடா மட்டும் அதைத் தாங்கிக்கொள்கிறது. அதே மாவுச்சத்து அதற்கும் உணவு. அந்தச் சுவரில் ஒட்டிக்கொள்ளவும் ஈஸ்ட்ரோஜன் அதற்கு உதவுகிறது. எலிகளை வைத்து இந்த நோயை ஆராய்கிறவர்கள், ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்ட பிறகுதான் எலிக்குத் தொற்றை நிலைக்க வைக்க முடிகிறது.

இனி எதிர்ப்புச் சக்தி. பெண் உடம்புக்கு அந்த இடத்தில் ஒரு சிக்கலான கடமை இருக்கிறது. வெளியிலிருந்து வரும் விந்தணுவை அங்கே எதிரியாக நினைத்து அழித்துவிடக் கூடாது. அதனால் ஈஸ்ட்ரோஜன் ஓங்கும் நாட்களில், நியூட்ரோஃபில் என்ற காவல் வெள்ளையணுக்கள் உள்சுவரைத் தாண்டி வருவது குறைக்கப்படுகிறது. இந்தச் சலுகையை கேண்டிடாவும் பயன்படுத்திக்கொள்கிறது. 2022-இல் வெளியான ஓர் ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. ஈஸ்ட்ரோஜன் இருக்கும்போது கேண்டிடா, நம் ரத்தத்திலேயே உள்ள ஃபேக்டர் எச் என்ற புரதத்தைத் தன் மேல் போர்த்திக்கொள்கிறது. ‘இது நம் ஆள், விட்டுவிடு’ என்று பாதுகாப்புப் படைக்குச் சொல்லும் அடையாளம் அந்தப் புரதம். வீட்டு ஆளின் சட்டையைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்த திருடன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் உங்களுக்குத் தொடங்குவது இந்த ஏற்ற இறக்கத்தோடு பொருந்துகிறது; அந்த நாட்களில்தான் பலருக்கும் தொந்தரவு கூடுகிறது. ரத்தம் வந்ததும் புளிப்புத் தன்மை மாறிச் சூழலே வேறாகிவிடும்.

உங்கள் அம்மாவுக்கு 58 வயது என்றால் மாதவிடாய் நின்று சில வருடங்கள் ஆகியிருக்கும். ஈஸ்ட்ரோஜன் குறைந்த உடம்பில் கேண்டிடாவுக்கு அங்கே வேலை குறைவு. மகளுக்கும் இப்போது அப்படித்தான். பெரியவளான பிறகு எப்போதாவது வரலாம். பெண்களில் நான்கில் மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது வருகிறது. அம்மாவுக்கு 30 வயதில் வந்ததே இல்லை என்பதை நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். அந்தத் தலைமுறைப் பெண்கள் இதை யாரிடம் சொல்லியிருப்பார்கள்? ஒரு மத்தியானம் அவரோடு தனியாக உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள்.

பெண்ணுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவா?

பொடிக்காரர்கள் சொல்வதில் மிகப் பெரிய பிழை இதுதான். பெரும்பாலான பூஞ்சைகளின் கணக்கு நேர்மாறாக இருக்கிறது.

தென் அமெரிக்காவின் மண்ணில் பாராகாக்சிடியாய்டிஸ் என்று ஒரு பூஞ்சை உண்டு. மூச்சோடு உள்ளே போய் நுரையீரலைப் பிடிப்பது. சிறுவர் சிறுமியரை அது ஒரே அளவில் பிடிக்கிறது. வயதுக்கு வந்த பிறகு பார்த்தால் ஒரு பெண்ணுக்குப் பத்து ஆண்கள், சில இடங்களில் அதற்கும் மேல். வயல் வேலை ஆண்களுக்குத்தான் அதிகம், அதனால் இருக்கும் என்று முதலில் நினைத்தார்கள். ஆனால் பெண்களும் அதே மண்ணில்தான் இருக்கிறார்கள். தோல் பரிசோதனை செய்தால் அவர்கள் உடம்பும் அந்தப் பூஞ்சையைச் சந்தித்திருப்பது தெரிகிறது. நோய்தான் வரவில்லை. 1980களில் கொலம்பியாவில் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். மண்ணில் நூலிழையாக இருக்கும் அந்தப் பூஞ்சை, உடம்புக்குள் வந்ததும் ஈஸ்ட் உருவத்துக்கு மாறினால்தான் நோயை உண்டாக்க முடியும். பெண் உடம்பின் ஈஸ்ட்ரோஜன் அந்த மாற்றத்தையே தடுத்துவிடுகிறது. உங்களுக்குத் தொல்லையாக இருக்கும் அதே ஹார்மோன் அங்கே கவசம்.

மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையும் ஆண்களையே அதிகம் பிடிக்கிறது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் இருக்கும் சூழலில் அது தன் மேலுறைப் பொருளைக் கூடுதலாக வெளியிடுவதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். பொதுவாகவே டெஸ்டோஸ்டிரோன் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கும், ஈஸ்ட்ரோஜன் பலவிதத்தில் தூண்டிவிடும். படர்தாமரைப் பூஞ்சையின் வளர்ச்சியைப் புரோஜெஸ்ட்ரான் என்ற இன்னொரு பெண் ஹார்மோன் தடுக்கிறது என்பதும் 1980களின் ஆய்வகக் கண்டுபிடிப்பு. தொடை இடுக்குப் படர்தாமரை ஆண்களிடம் அதிகம் இருப்பதற்கு இது ஒரு சிறு காரணமாக இருக்கலாம். வியர்வையும் தோல் தோலோடு உரசுவதும்தான் பெரிய காரணம்.

இன்னொன்றையும் கேளுங்கள். உங்களைத் தூங்க விடாத அந்த அரிப்பும் எரிச்சலும் எதிர்ப்புச் சக்தி இல்லாததால் வருவதில்லை. பூஞ்சை பெருகியதும் காவல் அணுக்கள் கூட்டமாக ஓடி வருகின்றன. வந்தும் அதைக் கொல்ல முடியாமல் அங்கேயே தவிக்கின்றன. அந்த அமளிதான் சிவப்பு, வீக்கம், எரிச்சல் எல்லாம். ‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ பொடி உண்மையிலேயே வேலை செய்தால்கூட உங்களுக்கு அது உதவாது. 1,800 ரூபாயை வைத்துக்கொள்ளுங்கள், பரிசோதனைகளுக்கு உதவும். ஹார்மோன் அளவு பார்க்கும் ரத்தப் பரிசோதனையும் தேவையில்லை. மாதவிடாய் ஒழுங்காக வரும் பெண்ணுக்கு அந்த எண்கள் நாளுக்கு நாள் மாறும். பூஞ்சைச் சிகிச்சையில் அவற்றை வைத்து நான் எதையும் மாற்றப் போவதில்லை.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி

மூன்றாம் பக்கத்தில், வேறு ஏதோ சொல்லிக்கொண்டே போகும்போது, “பாப்பா வயிற்றில் இருந்தப்போ சர்க்கரை இருந்துச்சு, அப்புறம் போயிடுச்சு” என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பேனா எடுத்து வட்டமிட்ட வரி அது.

கர்ப்பத்தில் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் நிலைக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். பிரசவமான ஆறு முதல் 12 வாரத்துக்குள் ஒரு முறையும், அதன் பிறகு ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒரு முறையும் சோதிக்க வேண்டும். ஒன்பது வருடமாக நீங்கள் பார்க்கவே இல்லை என்று நினைக்கிறேன். ரத்தத்தில் சர்க்கரை கூடினால் அந்த இடத்தின் கசிவிலும் கூடும். கேண்டிடாவுக்கு அது விருந்து. காவல் அணுக்களும் சர்க்கரையில் மந்தமாகிவிடும். திரும்பத் திரும்ப வெள்ளைப்படுகிறது என்று வந்து, சர்க்கரை நோய் இருப்பது அன்றுதான் தெரிந்துகொண்ட பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வெறும் வயிற்றில் ரத்தமும், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தமும் கொடுங்கள். கர்ப்பமாக இருந்தபோது குடித்தீர்களே, அதே தண்ணீர்தான். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி.யும் பார்த்துவிடுங்கள். வெறும் வயிற்றில் 126-ம் அதற்கு மேலும், அல்லது எச்.பி.ஏ.1.சி. 6.5-ம் அதற்கு மேலும் இருந்தால் சர்க்கரை நோய். எல்லைக் கோட்டில் இருந்தால் மறுமுறை சோதித்து உறுதி செய்வார்கள். இரண்டாவது குழந்தைக்கு ஆசைப்படும் உங்களுக்கு வெள்ளைப்படுதலைவிட இது முக்கியம். குழந்தையின் உறுப்புகள் உருவாகும் முதல் வாரங்களில், அதாவது நீங்கள் கர்ப்பம் என்று தெரிந்துகொள்ளும் முன்பே, தாயின் சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர்கள் தெருவுக்கு வரும்போது விரல் நுனியில் பார்க்கச் சொல்லலாம், அது ஒரு தொடக்கம். முழுச் சோதனையை இ.எஸ்.ஐ. மருந்தகத்தின் வழியாகவோ, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ செய்துகொள்ளலாம்.

இந்த ஒற்றை மாத்திரை ஏன் போதவில்லை?

முதல் காரணம், உங்களுக்கு இருப்பது கேண்டிடாதானா என்று இதுவரை யாரும் பார்க்கவே இல்லை. தாங்களாகவே முடிவு செய்து மருந்து வாங்கும் பெண்களைச் சோதித்த ஓர் ஆய்வில், மூன்றில் ஒருவருக்குத்தான் உண்மையில் கேண்டிடா மட்டும் இருந்தது. மற்றவர்களுக்கு பாக்டீரியாக் கோளாறு, ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி, வெறும் சோப்பு அலர்ஜி என்று வேறு வேறு. சோதனையும் ஒன்றும் கடினமில்லை. பஞ்சுக் குச்சியால் கசிவை எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டுச் சில நிமிடம் வைத்தால் செல்களெல்லாம் கரைந்து பூஞ்சை மட்டும் நிற்கும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கேண்டிடா மொட்டு விட்ட முட்டைகளும் நீண்ட நூல்களுமாகத் தெரியும். அடிக்கடி வருகிறவர்களுக்கு, பூஞ்சையை ஆய்வகத்தில் வளர்த்து எந்த வகை என்று பார்க்கும் வளர்ப்புச் சோதனையும் செய்ய வேண்டும். கேண்டிடா கிளாப்ராட்டா போன்ற சில வகைகள் வழக்கமான மருந்துக்கு மசியாது.

வழக்கமான வகையான கேண்டிடா அல்பிகன்ஸ்தான் என்று உறுதியானால், வருடத்துக்கு ஆறு முறை வருகிற உங்களுக்கு ஒரு மாத்திரை என்பது நெருப்பை அணைத்துத் தணலை விட்டதுபோல. ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம் மூன்று நாளுக்கு ஒன்றாக மூன்று, அதன் பிறகு வாரம் ஒன்று வீதம் ஆறு மாதம் என்பது நிலைபெற்ற முறை. எடுக்கும் காலத்தில் பத்தில் ஒன்பது பேருக்குத் தொந்தரவு வராமல் இருக்கிறது. நிறுத்திய பிறகு பாதிப் பேருக்குத் திரும்பலாம் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். அப்படித் திரும்பினால் அது உங்கள் தவறு இல்லை, மீண்டும் தொடங்கலாம். இந்தக் கணக்கைப் படித்துவிட்டு மெடிக்கலில் போய் ஆறு மாதத்துக்கு வாங்கிவிடாதீர்கள். வேறு மருந்துகளோடு மோதும், கல்லீரலைப் பார்க்க வேண்டும், கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும்.

சிறுநீர்க் கடுப்பு என்று சாப்பிட்ட ஆன்டிபயாடிக் நல்ல பாக்டீரியாக்களைக் கொன்று கேண்டிடாவுக்கு வழி விட்டிருக்கும். இனி சிறுநீரைச் சோதிக்காமல் அதை எடுக்க வேண்டாம். கம்பெனியில் கழிவறைக்குப் போகப் பயந்து தண்ணீரே குடிப்பதில்லை என்கிறீர்கள். கடுப்பு வருவதற்கு அதுவே காரணமாகலாம். பெண்களுக்குத் தனியான, சுத்தமான கழிவறை தர வேண்டும் என்பது சட்டம். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் உங்கள் வரிசையில் உள்ள நாலைந்து பேர் சேர்ந்து கேளுங்கள்.

‘உடம்புச் சூடு’ பற்றி ஒரு வார்த்தை. நம் வேலூர் வெயிலில் வியர்வையும் ஈரமும் பூஞ்சைக்குத் தோது என்பது உண்மை. உடம்பின் உள்சூடு காரணம் இல்லை. வெந்தயமும் இளநீரும் குடிப்பதால் கேடில்லை, சர்க்கரை இருந்தால் மட்டும் இளநீரை அளவோடு. டெட்டால், சோப்பு, மஞ்சள் தண்ணீர் எதையும் உள்ளே விட்டுக் கழுவாதீர்கள். தயிர், பூண்டு வைப்பதும் வேண்டாம். வெளியே தண்ணீர் போதும். உள்ளாடையை யாரும் பார்க்கக் கூடாதென்று கொடியில் பாவாடைக்கு அடியில் மறைத்துக் காயப் போடுகிறோமே, அது சாயங்காலம் வரை ஈரம் ஆறாமலே இருக்கும். பருத்தி உள்ளாடையை நேர் வெயிலில் போடுங்கள், மாடியில் போட முடியாவிட்டால் இஸ்திரி போட்டு உடுத்துங்கள்.

கருத்தடை மாத்திரையும் அடுத்த குழந்தையும்

மாலா-என் மாத்திரையில் 0.03 மில்லிகிராம் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது. பழைய காலத்து அதிக அளவு மாத்திரைகள் கேண்டிடாவைக் கூட்டின. இன்றைய குறைந்த அளவுக்கு ஆய்வுகள் ஒரே மாதிரி சொல்லவில்லை. உங்களுக்கு மாத்திரை தொடங்கி ஒரு வருடம் எதுவும் வரவில்லை. அதனால் அதை நான் முதல் குற்றவாளியாகப் பார்க்கவில்லை. இன்றைக்கே நிறுத்திவிட்டு, சர்க்கரை எவ்வளவு என்றே தெரியாமல், ஃப்ளூகோனசோல் உடம்பில் இருக்கும்போது கருத்தரிப்பது இந்த அரிப்பைவிடப் பெரிய ஆபத்து.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் வழிகள் உண்டு. அரசு நிலையங்களில் இலவசமாகத் தரும் சாயா மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் இல்லை. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. அந்தரா ஊசி மூன்று மாதத்துக்கு ஒன்று. ஆனால் அதை நிறுத்திய பிறகு கருத்தரிக்க ஏழெட்டு மாதம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும் என்பதால், அடுத்த வருடம் குழந்தை வேண்டும் என்கிற உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். ஆணுறை நல்லதுதான், ஆனால் உள்ளே வைக்கும் பூஞ்சை மருந்துகளில் உள்ள எண்ணெய்ப் பசை ரப்பரை இற்றுப்போகச் செய்யும்.

என் யோசனை இது. சர்க்கரையை இந்த மாதமே பாருங்கள். சோதனை முடிந்து ஆறு மாதச் சிகிச்சை தொடங்கினால், அதுவரை மாலா-என் தொடரட்டும். ஃப்ளூகோனசோல் அதன் வேலையைக் கெடுக்காது. சிகிச்சை முடிந்து, சர்க்கரையும் கட்டுக்குள் இருந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு, ஃபோலிக் ஆசிட் தொடங்கிக் குழந்தைக்கு முயலுங்கள். 33 வயதில் ஆறேழு மாதம் பொறுக்கலாம். கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் பல மடங்கு உயர்வதால் வெள்ளைப்படுதல் திரும்ப வந்தாலும் பயப்படாதீர்கள். அப்போது வாய் வழி மாத்திரை கூடாது. க்ளோட்ரிமசோலை ஏழு நாள் உள்ளே வைப்பதுதான் முறை. கர்ப்பிணி என்று சொல்லாமல் மெடிக்கலில் பழைய மாத்திரையைக் கேட்டு வாங்கிவிடாதீர்கள்.

வீட்டுக்காரருக்கு

அவர் தடவும் ட்யூபின் பெயரை எழுதியிருக்கிறீர்கள். அதில் பூஞ்சை மருந்தோடு க்ளோபெட்டசால் என்ற மிக வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. தடவினால் இரண்டே நாளில் சிவப்பும் அரிப்பும் அடங்கும். அடங்குவது தோலின் எதிர்ப்பு. அந்த மறைவில் பூஞ்சை நிதானமாகப் படரும். விட்டால் முன்பைவிட அகலமாகத் திரும்பும். எட்டு மாதம் தடவிய தொடையில் பிரசவ வயிற்றில் வருவதுபோல் வரிவரியாகத் தழும்பு விழுந்திருந்தால், அது இனிப் போகாது. இப்படிப்பட்ட க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இலேயே விதி வந்துவிட்டது. இருந்தும் வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை கேட்டால் கிடைக்கிறது. தோல் மருத்துவராக எனக்குத் தினமும் வயிறெரிகிற விஷயம் இது. இந்தியாவில் இப்போது பரவியிருக்கும் ட்ரைக்கோஃபைட்டான் இன்டோடினியே என்ற வகை பல நேரம் டெர்பினஃபைன் மருந்துக்கே அடங்குவதில்லை. வாரக்கணக்கில் சரியான மருந்து எடுத்து, வட்டம் மறைந்த பிறகும் கொஞ்ச நாள் தொடர வேண்டும். துண்டும் கைலியும் தனியாக இருக்கட்டும். வேலை முடிந்து கம்பூட்ஸைக் கழற்றியதும் கால், இடுக்கு எல்லாம் கழுவி ஈரம் போகத் துடைக்கச் சொல்லுங்கள்.

முனைத்தோல் விஷயம் வேறு. அவருடைய சர்க்கரை மாத்திரை அட்டையில் டபாக்ளிஃப்ளோசின் அல்லது எம்பாக்ளிஃப்ளோசின் என்று இருக்கிறதா பாருங்கள். ரத்தச் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மருந்து அது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மருந்து, ஆனால் சர்க்கரை கலந்த சிறுநீர் முனைத்தோலில் தங்கினால் கேண்டிடா வளரும். ஆணுக்கும் பெண்ணுக்கும் வரும். தானாக நிறுத்த வேண்டாம். கொடுத்த மருத்துவரிடம் சொல்லட்டும். ஒவ்வொரு முறையும் தோலைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவித் துடைப்பதிலேயே பலருக்குக் குறைந்துவிடும். காய்ச்சலோடு அந்த இடத்தில் கடும் வலி, வீக்கம், கறுத்துப்போதல் வந்தால் மட்டும் காலை வரை காத்திருக்காமல் அன்றிரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உங்களுக்குத் தந்த ஃப்ளூகோனசோலை அவர் பாதி போடுவதும் கூடாது. கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும்.

உங்கள் சிகிச்சைக்காக அவருக்கும் மருந்து கொடுக்கத் தேவையில்லை. அவருக்குத் தொந்தரவு இருப்பதால்தான் அவருக்கு மருந்து. அவர் கூடத்தில் படுப்பதால் எந்தப் பூஞ்சையும் குறையாது. புண்ணாக இருக்கும் நாட்களில் உறவு மட்டும் வேண்டாம், உள்ளே வந்து படுக்கலாம்.

பாப்பாவின் தலை

மகளுக்குப் பின்னந்தலையில் ஒரு ரூபாய் அளவுக்கு முடி கொட்டிச் செதில் செதிலாக இருப்பதாகவும், பூச்சிவெட்டு என்று மாமியார் சின்ன வெங்காயம் தேய்ப்பதாகவும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். பூச்சிவெட்டில் தோல் வழுவழுவென்று இருக்கும். செதிலும் உடைந்த முடியும் இருந்தால் அது தலைப்படையாக, அதாவது பூஞ்சையாக இருக்கலாம். இங்கேயும் ஹார்மோன் கதைதான். பருவம் வந்ததும் ஆண் பெண் இருவருக்கும் ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோன்கள் தலைத்தோலில் எண்ணெய்ப் பசையைச் சுரக்க வைக்கின்றன. அதிலுள்ள கொழுப்பு அமிலங்கள் இந்தப் பூஞ்சையை வளர விடாது. அதனால்தான் தலைப்படை பெரும்பாலும் சின்னப் பிள்ளைகளின் நோய். அதே எண்ணெய்ப் பசையை விரும்பித் தின்கிற மலசீஸியா என்ற இன்னொரு பூஞ்சை பருவ வயதில்தான் தேமலைக் கொண்டுவருகிறது. மார்பில் தேமல் வந்த பையனைத் தொழுநோயோ என்று பயந்து கரிகிரி தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துப்போன பெற்றோர் என்னிடம் வந்ததுண்டு. தேமலில் உணர்ச்சி மரத்துப்போகாது, அதுதான் வித்தியாசம்.

பெரியவளாகும் வரை பாப்பாவைக் காக்க வைக்க முடியாது. தலைப்படைக்கு க்ரீம் போதாது, சில வாரம் வாய் வழி மருந்து வேண்டும். விட்டால் சீழ் பிடித்து முடி நிரந்தரமாகப் போகலாம். வெங்காயத்தை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். தனிச் சீப்பு கொடுத்துவிடுங்கள்.

வருவதாக இருந்தால் மாதவிடாய் இல்லாத நாளாகப் பார்த்து மூன்று பேரும் வாருங்கள். எங்கள் பிரிவின் பலகையில் ‘பால்வினை நோய்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பல பெண்கள் படியேறாமலே திரும்பிவிடுகிறார்கள். தோல் மருத்துவர் என்று கேட்டு உள்ளே வந்துவிடுங்கள். உங்களைத் தனியாகப் பார்க்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, நீங்கள் சொன்னதை உங்கள் சம்மதம் இல்லாமல் கணவரிடமும் சொல்ல மாட்டேன். வருவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து மூன்று பேரும் எந்தப் பூஞ்சை மருந்தும் போட வேண்டாம், சோதனையில் பூஞ்சை ஒளிந்துகொள்ளும். அவருடைய சர்க்கரை மாத்திரை மட்டும் வழக்கம்போல். அந்த ட்யூபையும், தீர்ந்துபோன மாத்திரை அட்டைகளையும், பாப்பா பிறந்தபோது கொடுத்த பிரசவ அட்டை இருந்தால் அதையும் ஒரு கவரில் போட்டு எடுத்து வாருங்கள்.